மிச்சத்தில் பாதி

நெட்டைப்பனைப்பட்டியில் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பின்னக் கணக்கில் முட்டை மார்க். இன்னொரு முட்டை விழுந்தால், அதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

அமலோற்பவம் டீச்சர் அப்பாக்களைக் கூப்பிட்டார். "புத்தகக் கணக்கு இவங்களுக்கு ஏறல. நம்ம ஊர்க் கணக்கா ஒண்ணு நீங்களே எழுதிக் குடுங்க. ஆனா செஞ்சு பாக்காத எதையும் எழுதக் கூடாது. வெள்ளிக்கிழமை பரீட்சை மணி அடிக்கறதுக்குள்ள நோட்டு வந்துரணும்."

சடையாண்டி, மொக்கராசு, வெள்ளியப்பன் மூவரும் ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதினார்கள்: 'வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பாதி தூரம் நட. பிறகு மிச்சத்தில் பாதி. பிறகு அந்த மிச்சத்தில் பாதி. எத்தனை தடவையில் போய்ச் சேருவாய்?'

"விடை என்ன மாப்ள?" என்றான் மொக்கராசு.

"நடந்து பாத்தாத்தான தெரியும்" என்றான் சடையாண்டி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், ஊரிலிருந்த கிணற்றுக் கயிறுகளையெல்லாம் முடிச்சுப் போட்டு சடையாண்டி வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை அளந்தார்கள். கயிற்றைப் பாதியாக மடிப்பார்கள், அவ்வளவு தூரம் நடப்பார்கள், நோட்டில் ஒரு கோடு போடுவார்கள். பத்தாவது கோட்டில் வாசலுக்கு ஒரு சாண். பன்னிரண்டாவதில் மூணு விரல்கடை.

"வெள்ளியப்பா, உன் தொப்பை வாசலுக்குள்ள போயிருச்சு" என்றான் சடையாண்டி.

"கால்தான் கணக்கு பங்காளி. தொப்பை சும்மா கூட வருது."

"அதெப்படி சும்மா வரும்? எக்கிப் பிடி."

வெள்ளியப்பன் எக்கிப் பிடித்தான். கயிறு இனி மடியாது என்று மொக்கராசு சணல் நூலை எடுத்து மடித்தான்.

டீச்சர் உள்ளேயிருந்து, "மணி அடிக்கப் போறேன். ஒரு எட்டு வச்சு உள்ள வாங்களேன்" என்றார்.

"முழு எட்டு வைக்க முடியாது டீச்சர். கணக்கு கெட்டுப்போகும்."

"அப்ப நோட்டை மட்டும் நீட்டுங்க."

"நோட்டு உள்ள போனா நாங்க போய்ச் சேந்த மாதிரி ஆயிருமே" என்று சடையாண்டி நோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

டீச்சர் வெளியே வந்து நோட்டைப் பிடுங்கினார். பிரித்துப் பார்க்க நேரமில்லை. அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு மணியை அடித்தார்.

சாயங்காலம் விடைத்தாள் திருத்தினால், எல்லாக் கேள்விக்கும் எல்லாப் பிள்ளையும் ஒரே பதில்: 'விடை: போய்ச் சேர்ந்ததும் சொல்கிறோம்.' நோட்டில் அப்பாக்கள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

சடையாண்டி மகள் பூவாயி மட்டும் அதற்குக் கீழே சொந்தமாக யோசித்து ஒரு வரி சேர்த்திருந்தாள்.

'டீச்சர், இப்போதைக்குப் பாதி மார்க் போடுங்க. நாளைக்கு மிச்சத்தில் பாதி.'