உடைந்த கப்பல் யாருக்குச் சொந்தம்?

கடலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மனிதர்கள் பேர் வைத்துக்கொண்ட காலத்தில், புன்னைத்துறைப் பட்டினத்தை வில்லவன் என்ற அரசன் ஆண்டு வந்தான். அங்கே ஒரு சட்டம் இருந்தது, கேளுங்கள். கரையில் மோதி உடைகிற கப்பல் அரசனுக்குச் சொந்தம். சரக்கும் சொந்தம், பிழைத்துக் கரையேறியவர்களும் சொந்தம்.

ஐப்பசிப் புயலில் தூரத்துத் தீவுக் கப்பல் ஒன்று உடைந்தது. துறைத்தலைவர் அழிசி தன் கையால் கயிறு வீசி நாற்பது பேரைக் காப்பாற்றினார். மறுநாளே அவர்களுக்கு அடிமைச் சூடு போடும்படி அவருக்கு ஆணை வந்தது. காப்பாற்றிய கையால் எப்படிச் சுடுவது?

நேரே சபைக்குப் போனார். இந்தச் சட்டத்தின் நியாயத்தை எனக்குச் சொல்லுங்கள், பிறகு சூடு போடுகிறேன் என்றார்.

சபையில் மூன்று பண்டிதர்கள். நியாயத்துக்கா பஞ்சம்? முதலாமவர், இது முன்னோர் வழக்கம் என்றார். இரண்டாமவர், இது கடல் நமக்குக் கொடுத்தது என்றார். மூன்றாமவர் கோடனார் பெரிய மூளைக்காரர். நீதி என்பது ஒரே நாட்டில் வாழ்பவர்களுக்குள் மட்டும்தான், கடலுக்கு அப்பால் பிறந்தவர்களுக்கு நாம் நீதி செய்ய வேண்டியதில்லை என்றார். சபை தலையாட்டியது.

அழிசி அசரவில்லை. "இதையெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். பதில் சொல்ல முடியாமல் அவர்கள் நின்றால், இப்போதே சூட்டுக்கோலைக் காய்ச்சுகிறேன்."

அரசனுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. எல்லாரும் கரைக்குப் போனார்கள். கப்பல் தலைவனின் மனைவி தாமுலிக்கு வியாபாரத்தில் பழகிய தமிழ் தெரியும். அவள் முன்னால் வந்து நின்றாள்.

முதல் பண்டிதர் வழக்கத்தைச் சொன்னார். அதை வைத்தபோது எங்களையும் கேட்டீர்களா என்றாள். அவர் பின்வாங்கினார்.

இரண்டாமவர் கடலைச் சொன்னார். கடல் எங்களை மூழ்கடிக்கத்தான் பார்த்தது, கரை சேர்த்தது இவர் வீசிய கயிறு என்று அழிசியைக் காட்டினாள். அந்தப் பண்டிதரும் பின்வாங்கினார்.

கோடனார் தம் நியாயத்தை விரிவாகவே சொன்னார். தாமுலி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"போன மாதம் உங்கள் ஊர்க் கப்பல் எங்கள் தீவுக்குப் போவதை வழியில் பார்த்தோம் ஐயா. அது அங்கே உடைந்தால், அதில் வருகிறவர்களுக்கு எங்கள் அரசர் சூடு போடலாமா?"

அந்தக் கப்பலில் கோடனாரின் மகன் போயிருந்தான். "அதெப்படி? அது பெரிய அநியா..." என்றவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கரையே அதைக் கேட்டுவிட்டது. அரசன் அவர் பக்கம் திரும்பினான்.

"சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லும்."

"அநியாயம், அரசே."

"அவர்கள் செய்தால் மட்டுமா?"

கோடனார் தலை குனிந்தார். ஆனாலும் பாருங்கள், மனிதர் மழுப்பவில்லை. "யார் செய்தாலும்" என்றார்.

அன்றே அந்தச் சட்டம் ஒழிந்தது. சூட்டுக்கோலைக் கடலில் வீசியபோது அழிசி வாய்விட்டு அழுதார், அதில் அவருக்கு வெட்கமே இல்லை. நாற்பது பேரும் கரை ஒதுங்கிய தங்கள் சரக்கோடு வேறு கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகவே பெரியோரே, பிள்ளைகளே, பாதிக்கப்படுகிறவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நியாயம் எந்தக் கரையிலும் நியாயம் ஆகாது.