பந்தலுக்கு ஒரு குடம்

சொரிமுத்து அண்ணாச்சி மளிகைக் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு மடத்துக்குச் சீடராக வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. குருவான உலகம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஊரே அண்ணாச்சி என்றதால் குருவும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார். சீடனை அப்படி அழைத்த குரு வேறு எங்கும் இருந்திருப்பாரா தெரியவில்லை.

வந்த அன்றே அண்ணாச்சி கேட்டார்.

"அம்மா, இத்தனை காலம் கடை உண்டு நான் உண்டுன்னு இருந்துட்டேன். ஊருக்கு ஏதாவது செய்யணும். வழி சொல்லுங்க."

"தெருமுனையில தண்ணிப் பந்தல் இருக்குல்லா? அங்க போய் இருங்க" என்றார் உலகம்மை.

வெயில் காலத்தில் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். அவர்களுக்காகப் போட்ட ஓலைப் பந்தல் அது. உள்ளே பெரிய பெரிய மண்பானைகள். தெருவில் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் காலையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மடத்துக்கும் ஒரு முறை உண்டு.

முறை என்றால் முறையாகவா நடக்கும்? ஒருத்தி பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டு வெயில் ஏறிய பிறகு வருவாள். ஒருத்தி மறந்தே போவாள். விடியுமுன் கடை திறந்து பழகிய அண்ணாச்சிக்கு இது பொறுக்கவில்லை. மடத்துக் கிணற்றில் தானே இறைத்தார். சூரியன் வருமுன் எல்லாப் பானையும் நிறைந்திருக்கும். வெட்டிவேரும் போட்டு வைத்தார். குடித்தவர்கள் இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

முறைக்காரப் பெண்கள் குடத்தோடு வந்தால், "வேண்டாம் தாயி, நிறைஞ்சாச்சு. நீ போய் வீட்டைப் பாரு" என்று நல்ல மனதோடு அனுப்பிவிடுவார். கொஞ்ச நாளில் குடத்தோடு யாரும் வரவில்லை. அண்ணாச்சி இருக்கும்போது நமக்கென்ன என்று தெரு பேசிக்கொண்டது. அதைக் கேட்க அவருக்கு இனித்தது. இனிக்காமல் என்ன செய்யும்?

வைகாசி விசாகம் நெருங்கியது. நடக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கிய நேரம் பார்த்து அண்ணாச்சி காய்ச்சலில் படுத்தார்.

எழுந்து நடக்க முடிந்ததும் தட்டுத் தடுமாறிப் பந்தலுக்குப் போனார். பானைகள் காய்ந்து கிடந்தன. கைக்குழந்தையோடு ஒரு பெண் சொம்பைப் பானைக்குள் விட்டுத் துழாவினாள். சொம்பு அடியில் முட்டியது. அவள் குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

அண்ணாச்சிக்கு நெஞ்சு கொதித்தது. மடத்துக்கு வந்து குருவின் முன் நின்றார்.

"இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் ஈரம் கிடையாது, அம்மா. நான் படுத்தேன், பந்தலும் படுத்துட்டு. நான் கடைக்கே போறேன்."

"போகலாம். அதுக்கு முன்ன பானைக்குத் தண்ணி வேணும்லா?"

"இறைச்சு ஊத்திட்டே போறேன்."

கிணற்றடிக்குப் போனார். உருளையில் கயிறு இல்லை.

"கயிறு எங்க?"

"நான்தான் அவுத்து வச்சிருக்கேன்" என்றார் உலகம்மை. ஒரு வெறுங்குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "தெருவுல போய்க் கேளுங்க."

"நானா?"

"நீங்கதான்."

அண்ணாச்சியிடம் ஊர் கேட்டிருக்கிறது. அவர் யாரிடமும் கேட்டதில்லை. காய்ச்சலைவிட அந்தக் குடம் கனத்தது. இருந்தாலும் அந்தக் குழந்தையின் முகம் அவரை விடவில்லை. முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். மூக்கம்மாள் வந்தாள்.

"பந்தலுக்கு ஒரு குடம் தண்ணி வேணும் தாயி."

மூக்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் முறைக்குக் கொண்டாந்தப்ப வேண்டாம்னு சொன்னீங்கள்லா அண்ணாச்சி?"

"நீ கஷ்டப்பட வேண்டாமேன்னு சொன்னேன்."

"கஷ்டம்னு நான் சொன்னேனா? இடுப்புல குடத்தோட தெருவே பாக்கத் திரும்பி வந்தேன். அந்தத் தண்ணியைக் கொண்டுபோய் முருங்கைக்கு ஊத்துனேன். முருங்கை நல்லாத்தான் காய்ச்சுது."

அண்ணாச்சிக்கு எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பினோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"தப்புத்தான் தாயி" என்றார்.

அவள் குடத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க தூக்குனா நீங்களும் விழுவீங்க, குடமும் விழும். நவுருங்க."

நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். போகிற போக்கில் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அவள் அடுத்தவளைக் கூப்பிட்டாள். பேசிச் சிரித்துக்கொண்டே பானைகளை நிறைத்துவிட்டார்கள்.

விசாகம்வரை பந்தல் வற்றவில்லை. உடம்பு தேறிய அண்ணாச்சி, வருகிறவர்களுக்கு மொண்டு கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் ஒரே ஒரு குறை மட்டும் அவரை அரித்தது.

ஒரு காலையில், திரும்பவும் கயிறு பூட்டியிருந்த மடத்துக் கிணற்றில் ஒரு குடம் இறைத்துத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தார். அப்போதுதான் நிறைத்திருந்த ஒரு பானையைச் சாய்க்கக் குனிந்தார்.

"என்ன செய்றீங்க?" உலகம்மை பின்னால் நின்றிருந்தார்.

"மூக்கம்மா வீட்டுத் தண்ணி கொஞ்சம் உப்பு, அம்மா. அவளுக்குத் தெரியாம மாத்தி வச்சிரலாம்னு."

உலகம்மை அந்தப் பானையிலேயே ஒரு சொம்பு மொண்டு குடித்தார்.

"உப்புத்தான்" என்றார்.

"அதான் சொல்றேன். நம்ம தண்ணியைக் குடிச்சவன் ஊர் போய்ச் சேந்தும் மறக்க மாட்டான்லா?"

உலகம்மை சிரித்தார்.

"குடிச்சவன் அடுத்த பந்தல் வந்ததும் மறந்திருவான், அண்ணாச்சி. கொண்டாந்து ஊத்துனவதான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டா. பானையை நிமித்தி வைங்க."