வெண்கலக் கைகளின் தெரு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மத்தியதரைக் கடல் என்று இப்போது நாம் சொல்கிற கடலுக்கு யாரும் பெயர் வைக்காதிருந்த காலத்தில், அதன் கரையில் மெரோஸ் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருந்தது. பட்டணத்தின் நடுவில் பழைய நகரம். ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள், உப்புக் காற்றில் உதிர்ந்த சுவர்கள், பூட்டிய கதவுகள். ஒவ்வொரு கதவிலும் தட்டுவதற்கென்று ஒரு வெண்கலக் கை தொங்கியது. அடடா, என்ன அழகு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவையெல்லாம் ஒரு காலத்தில் மனிதர்கள்.

அது கர்பான் என்கிற மந்திரவாதியின் வேலை. தனியாக வருகிறவர்களைப் பிடித்துக் கதவில் கையாக மாட்டிவிடுவான். யாராவது அந்தக் கையால் கதவைத் தட்டினால், அந்தச் சத்தத்தில் அவனுக்கு ஒரு வருஷம் ஆயுள் கூடும்.

அந்தப் பட்டணத்தில் இரீனி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் தாசோ மீனவன். ஒரு மழை நாளில் அவன் வலை தைத்துக்கொண்டிருந்தபோது, "விளக்குக்கு எண்ணெய் இல்லைன்னு எத்தனை தடவ சொல்றது? பழைய நகரம் வழியா குறுக்கே போயிட்டு வாயேன்!" என்று எரிந்து விழுந்தாள். வலையைப் போட்டுவிட்டு எழுந்து போனவன் திரும்பவில்லை. மூன்று நாள் அழுதாள். மூன்று நாளும் தன்னையே திட்டிக்கொண்டாள். நான்காம் நாள் காலையில், தூறலில் நனைந்தபடி தானே பழைய நகரத்துக்குள் போனாள்.

"என் புருஷனைக் கொடு!" என்று கத்தினாள்.

ஒரு வாசலிலிருந்து கர்பான் எட்டிப் பார்த்தான்.

"நீயே தேடிக்கோ, தாயி. மூணு தடவ தட்டலாம். சரியான கையைத் தட்டினா அவன் வருவான். தப்பாப் போனா தடவைக்கு ஒரு விரல் எனக்கு. மூணாவதும் தப்புன்னா நீயே எனக்கு."

இரீனி நடந்தாள். தெருவெல்லாம் கதவு, கதவெல்லாம் கை, ஒரு கையும் பேசவில்லை. கடைசியில் மோதிரம் போட்ட கை ஒன்று தெரிந்தது. தாசோவும் கல்யாண மோதிரம் போட்டவன்தானே! ஓடிப் போய்த் தட்டினாள். உள்ளேயிருந்து யாரோ ஒரு கிழவர், "ஐயோ, வலிக்குதே!" என்று அழுதார். அவளுடைய சுண்டுவிரல் வெண்கலமானது.

தெருவெல்லாம் கதவு, கதவெல்லாம் கை. பெருவிரலில் தூண்டில் கிழித்த தழும்போடு ஒரு கை இருந்தது. தாசோவுக்கும் அதே இடத்தில் தழும்பு உண்டு. தட்டினாள். யாரோ ஒரு பையன் விம்மினான். மெரோஸில் தூண்டில் கிழிக்காத பெருவிரல் எது? அடுத்த விரலும் வெண்கலமானது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மெரோஸ் மீனவர்கள் வலையைத் தொடுமுன் மோதிரத்தைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிடுவார்கள். வலையில் மோதிரம் சிக்கினால் விரலே போய்விடும். வலை தைத்துக்கொண்டிருந்தவனைத்தானே அவள் விரட்டினாள்? மோதிரம் இன்னும் வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மடச்சி, மடச்சி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுபடி தேடினாள். தெருவெல்லாம் கதவு, கதவெல்லாம் கை. வறண்ட நீரூற்றுக்குப் பக்கத்தில், நீலம் உரிந்த ஒரு கதவில், மோதிரமில்லாத ஒரு கை. பெருவிரலில் அதே தழும்பு, மோதிரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

"தட்டு, தாயி! பலமாத் தட்டு!" என்றான் கர்பான். நாக்கில் எச்சில் ஊறியது அவனுக்கு.

இரீனி கையை ஓங்கினாள். அந்தக் கிழவரின் அழுகையும் பையனின் விம்மலும் காதில் விழுந்தன. ஏற்கெனவே சொல்லால் அடித்தது போதாதா?

"தட்ட மாட்டேன்."

"தட்டலேன்னா நீயும் கதவுலதான் தொங்கணும்!"

"தொங்கிட்டுப் போறேன்."

அந்தக் கையை அவள் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். குளிர் தோள்வரை ஏறியது. அவள் விடவில்லை. உச்சி வேளை ஆயிற்று. உள்ளங்கையில் ஒரு துளி சூடு வந்தது. பிறகு ஒரு துடிப்பு. கதவு திறந்து, தாசோ தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தான்.

"எண்ணெய் வாங்கலடி," என்றான் பாவம். அவள் ஓவென்று அழுதாள்.

இருவருமாகக் கதவு கதவாகப் போய் ஒவ்வொரு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே வந்தவர்கள் அடுத்த கையைப் பிடித்தார்கள். கிழவர் வந்தார், பையன் வந்தான், சாயங்காலத்துக்குள் தெருவே நிறைந்துவிட்டது. தட்டும் சத்தம் இல்லாமல் கர்பான் சுருங்கிச் சுருங்கித் தன் கதவிலேயே ஒரு வெண்கலக் கையானான்.

இரீனியின் இரண்டு விரல்கள் மட்டும் கடைசிவரை மாறவில்லை. மழைக் காலத்தில் தாசோ அவற்றைப் பொத்திவைத்துக்கொள்வான்.

கர்பானின் கையை ஊரில் யாரும் தொடுவதில்லை. எண்ணெய் வாங்கிவரும்போது இரீனி மட்டும் அங்கே நின்று, கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் அது சூடானதில்லை. அவளும் ஒரு நாளும் பிடிக்காமல் போனதில்லை.