பூவாயி பக்கத்துத் துடுப்பு

கேளுங்கள். ஆற்றுக்குப் பாலம் கட்டலாம் என்று எந்த அரசனுக்கும் தோன்றாத காலத்தில், மாசிலான் என்றொரு பரிசல்காரன் இருந்தான். அவன் மனைவி பூவாயி. வட்டப் பரிசலில் அவன் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். அவன் ஒரு துடுப்பு, அவள் ஒரு துடுப்பு. முப்பது வருடம் பரிசல் பிசகாமல் போய்வந்தது.

ஓர் ஐப்பசியில் காய்ச்சல் கண்டு பூவாயி போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த மறுநாளே மாசிலான் துறைக்கு வந்துவிட்டான். வீட்டில் இருக்க முடியவில்லை, பாவம். ஆனால் வழக்கம்போல் வலப்பக்கமே உட்கார்ந்து, வலப்பக்கமே துடுப்பு போட்டான். அப்படிப் போட்டால் வட்டப் பரிசல் என்ன செய்யும்? சுற்றும்.

முதல் நாள் ஏறிய மிளகு வியாபாரி பத்துச் சுற்று சுற்றி, ஏறிய கரையிலேயே இறங்கி, அக்கரை வந்துவிட்டதென்று மிளகு விற்கத் தொடங்கினார். இரண்டாம் நாள் ஏறிய மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு முன்பே வாந்தி எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஏறிய இரண்டு ஆடுகள், இது வேலைக்காகாது என்று குதித்து நீந்தியே போய்விட்டன.

"அந்தப் பக்கம் ஒரு ஆளை வச்சுக்கயேன்" என்றார்கள் ஊரார்.

"அது பூவாயி இடம். யாரும் உக்காரக் கூடாது" என்றான். அதற்குமேல் கேட்டால் அழுதுவிடுவான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

நான்காம் நாள் மருத்துவச்சி செங்கமலம் ஓடிவந்து ஏறினாள். அக்கரையில் ஒருத்திக்கு விடியலிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. உச்சிப் பொழுதுக்குள் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது.

நடு ஆற்றில் பரிசல் சுற்ற ஆரம்பித்தது. செங்கமலம் இடப்பக்கம் நகர்ந்து, சும்மா கிடந்த துடுப்பை எடுக்கப் போனாள்.

"அங்க உக்காராத தாயி. அது பூவாயி இடம்."

"சரிண்ணே, நான் உக்காரல. நீங்க உக்காருங்க. அதுக்கு உங்கள விட உரிமைக்காரங்க யாரு?"

மாசிலான் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. மெல்ல நகர்ந்து அங்கே உட்கார்ந்தான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுங்க. அழுதுகிட்டே துடுப்பு போடுங்க" என்றாள்.

அங்கே ஒரு துடுப்பு போட்டான். நகர்ந்து வந்து தன் பக்கம் ஒரு துடுப்பு போட்டான். மறுபடி அங்கே, மறுபடி இங்கே. பரிசல் கள் குடித்தவன் போலக் கோணிக்கோணிப் போனது, ஆனாலும் போனது. நகர்ந்து நகர்ந்து இடுப்பு விட்டுப்போனபோதுதான், நடுவில் மண்டியிட்டால் இரண்டு பக்கமும் கை எட்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. அதன்பிறகு பரிசல் நேரே கரைக்குப் போனது.

உச்சிப் பொழுதில் பிள்ளை வீறிட்ட சத்தம் துறைவரை கேட்டது. மாசிலான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஏறப் பயந்து கரையில் நின்றவர்களைப் பார்த்து, "வாங்க, இனிமே சுத்தாது" என்றான்.

போனவரை மறக்க வேண்டாம், அவர் விட்டுப்போன வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கையில் எடுத்துக்கொண்டால் அழுதபடியே கரை சேரலாம் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.