தளவாயின் ஒல்லி உடம்பு

நெடுமருதூர் அரண்மனையில் எனக்கு விகடகவி உத்தியோகம். அரசரைச் சிரிக்க வைப்பதுதான் வேலை. நான் உள்ளே நுழையும்போதே என் வயிற்றைப் பார்த்துச் சபை சிரித்துவிடும். அதனால் வாயைத் திறக்கவேண்டிய சிரமம் எனக்கு அதிகம் இருந்ததில்லை. தாண்டவராயன் என்று பெயர் வைத்த என் தகப்பனார், நான் ஆடுவேன் என்று நம்பியிருக்கிறார். பாவம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பங்குனி உத்திரத்தன்று அரசர் குன்றின்மேல் இருக்கும் முருகனைத் தொழப் போவார். சபையில் யாரெல்லாம் அவருக்குப் பின்னால் படியேறி உச்சிக்கு வருகிறார்களோ, அவர்கள் தலையில் குருக்கள் பரிவட்டம் கட்டுவார். நான் வருஷா வருஷம் அடிவாரத்தில் உட்கார்ந்து எல்லோருடைய பாதரட்சைகளுக்கும் காவல் இருப்பேன். திரும்பி வருகிறவர்கள் பரிவட்டத்தோடு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் வலிக்கும்.

இளைப்பதற்கு வழி சொல்லாத ஆள் ஊரில் இல்லை. வாயைக் கட்டு என்பார்கள், காலையில் ஓடு என்பார்கள். வாயையும் கட்டினேன், ஓடியும் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் இளைக்கும். பிறகு, ஊருக்குப் போன மாமியார் மாதிரி, போனதைவிடக் கூடுதல் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்துவிடும்.

கடைசியில் அரண்மனை வைத்தியர் அம்பலக்கூத்தர் ஒரு லேகியம் கொடுத்தார். அது பசியை மட்டும்தான் அடக்கும், நடையை நீர்தான் நடக்கவேண்டும், முதலில் கொஞ்ச நாள் குமட்டும் என்று எச்சரித்தார். குமட்டத்தான் செய்தது. ஆனால் கண் விழித்ததிலிருந்து மடைப்பள்ளியையே சுற்றிக்கொண்டிருந்த என் மனசு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சும்மா இருந்தது. அந்த நிம்மதியை ஒல்லியாகப் பிறந்தவர்களுக்கு எப்படிச் சொல்லி விளங்க வைப்பது?

இந்த வருஷம் நான் படியேறினேன். அங்கங்கே உட்கார்ந்து, இரண்டு ஆட்டுக்கு வழிவிட்டு, ஒருவழியாக உச்சிக்கு வந்துவிட்டேன். குருக்கள் பரிவட்டத்தைக் கையில் எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் தளவாய் வல்லபர், தலையில் பரிவட்டத்தோடு, குறுக்கே வந்தார். இவர் படைத்தலைவர், ராணியின் உடன்பிறந்த தம்பி. மூங்கில் கழி போல இருப்பார்.

"மகாராஜா, படியேறியது இவர் இல்லை, வைத்தியருடைய லேகியம். வேர்வை சிந்தி இளைத்தால்தான் அது இளைப்பு. இது ஏமாற்று வேலை" என்றார்.

கூட்டம் ஆமாம் போட்டது. நேற்றுவரை என்னைக் குண்டன் என்று கேலி செய்த அதே வாய்கள், இன்று நான் இளைத்ததற்காகத் திட்டின. பல்லக்கில் வந்து இறங்கியிருந்த அரசரும் உழைப்பின் பெருமையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பல்லக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இளைத்த உடம்பில் தலையும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பிறகு அரசர் தீர்ப்புச் சொன்னார். "உழைக்காமல் இளைத்தவன் எவனுக்கும் பரிவட்டம் கிடையாது. அவன் இளைக்கக் காரணமாக இருந்தவன் யாராக இருந்தாலும் இன்று பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும்."

வைத்தியர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு நெடுமருதூரை விட்டால் வேறு ஊர் தெரியாது. என் பரிவட்டம் போனால் போகட்டும், எனக்கு நல்லது செய்த மனிதர் என்னால் நாடோடியாகப் போவதா?

கோயில் மண்டபத்தில் பந்தி போட்டார்கள். அரசருக்கு எதிரே தளவாய். அவருக்குப் பக்கத்து இலையில் அவருடைய தந்தை, அதாவது அரசரின் மாமனார். அவரும் ஒல்லிதான். நான் பரிமாறுகிறவரிடமிருந்து சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு தளவாய் முன்னால் போய் நின்றேன். வைக்க வைக்க இலை காலியாயிற்று. வடையும் அப்படியே போயிற்று. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"இவ்வளவு சாப்பிட்டும் உடம்பை இப்படி வைத்திருக்கிறீர்களே, தளவாய். தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள்?" என்று பணிவாகக் கேட்டேன்.

"ஓடுவதா? நான் குதிரையை விட்டு இறங்கினால்தானே ஓய். எவ்வளவு தின்றாலும் எனக்கு ஒட்டாது. பிறவி வாகு. எல்லாம் அப்பா கொடுத்தது" என்றார் தளவாய், எல்லோருக்கும் கேட்கும்படி. பக்கத்து இலைப் பெரியவர் பெருமையோடு தலையாட்டிவிட்டு இன்னொரு வடை கேட்டார்.

நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அரசர் பக்கம் திரும்பிக் கைகூப்பினேன்.

"மகாராஜா, நான் இந்தப் படிகளிலாவது வேர்வை சிந்தினேன். தளவாய் இளைப்பதற்கென்று ஒரு துளிகூடச் சிந்தாமல் ஒல்லியாக இருக்கிறார். தங்கள் தீர்ப்புப்படி அவர் பரிவட்டத்தை அவிழ்த்துவிடலாம், அது சின்ன விஷயம். அவர் ஒல்லிக்குக் காரணமானவர் இதோ வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் தங்கள் மாமனாரை நாடு கடத்தவேண்டும். நான் உத்தரவை ஊரெல்லாம் அறிவித்துவிடுகிறேன். ராணியம்மாவிடம் மட்டும் தாங்களே சொல்லிவிடுங்கள்."

பந்தியில் ஒரு கைகூட வாய்க்குப் போகவில்லை. அரசர் மாமனாரைப் பார்த்தார். பிறகு அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. நான் சிந்தியதைவிட அதிகம் என்றே சொல்வேன். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார்.

"தீர்ப்பு வாபஸ். வைத்தியர் இங்கேயே இருக்கட்டும். யார் எப்படி இளைத்தாலும் அது அவரவர் பாடு" என்றவர், குருக்களை அழைத்து என் தலையில் பரிவட்டம் கட்டச் சொன்னார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அரசரின் மகிழ்ச்சி அதோடு அடங்கவில்லை. எனக்கென்று நெய் சொட்டச் சொட்ட ஒரு தாம்பாளம் அதிரசம் பரிசாக வந்தது. ஆசையோடு உட்கார்ந்தேன். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். இரண்டாவது விள்ளல் இறங்கவில்லை. பசி துளிகூட இல்லை.

தாம்பாளத்தைப் பார்த்தேன். எதிரே நன்றியோடு நின்றுகொண்டிருந்த வைத்தியரைப் பார்த்தேன். இந்த ஆளை நாடு கடத்தியிருந்தால்தான் என்ன என்று தோன்றியது.