மூடி போட்ட ரேக்

“ஒரு பை கூட விழலீங்க மேடம். ஆளுங்கதான் விழுறாங்க.”

இதைச் சொன்னவர் திருமூர்த்தி.

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை அது. பஸ்ஸுக்குள்ளே விளக்கு எங்கே எரிய வேண்டும், பயணிகளின் மூட்டை முடிச்சு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் ரேணுகா. திருமூர்த்தி அவரைவிட வயதில் நன்றாக மூத்தவர். ஆனாலும் தொழில் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்தவர்.

அதற்கு முன் கோயம்புத்தூரில் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்துகொண்டிருந்தார். கதவில்லாத அலமாரியைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

அதனால்தான் முதன்முதலாகத் தனியே செய்த பஸ்ஸில், லக்கேஜ் ரேக் முழுவதற்கும் மூடி போட்டுவிட்டார். வெள்ளை மூடி. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். மேலிருந்து பை விழுந்து யார் மண்டையும் உடையக் கூடாது என்ற பயம். நல்ல பயம்தான், குறை சொல்ல முடியாது.

பஸ் திண்டுக்கல் ரூட்டில் ஓட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகவில்லை. ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்ற ஒரு அம்மாள் விழுந்து கையை முறித்துக்கொண்டார். மறுநாள் ஒரு வாத்தியாருக்கு முன்பல் போனது.

“ஓடுற வண்டியில எதுக்கு எந்திரிக்கிறாங்கன்னே தெரியலீங்க. நாளைக்கு இன்னும் ரெண்டு வண்டிக்கு இதே மூடியை மாட்டச் சொல்லியிருக்காரு முதலாளி. இன்னும் யார் யாரு விழப்போறாங்களோ. சோறு இறங்க மாட்டேங்குது.”

“என்ன செய்யலாம்னு இருக்கீங்க?”

“தரையில விளக்கை இன்னும் கூட்டிடலாமுங்க. கால் தடுக்காது. பிடிச்சுக்கறதுக்குக் கம்பி போடலாம். எழுந்திருக்காதீர்கள்னு எழுதி ஒட்டலாம்.”

ரேணுகா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்கண்ணா, அந்த வண்டியிலயே திண்டுக்கல் போயிட்டு வரலாம்.”

“இன்னைக்கு வேண்டாமுங்க.”

“ஏன்?”

திருமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பையில பாப்பாவோட தாலி இருக்குதுங்க. இப்பத்தான் ஆசாரிகிட்ட வாங்கிட்டு வர்றேன். வெள்ளிக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம்.”

“அப்ப பையையும் எடுத்துக்குங்க.”

குருவை எதிர்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. பயப்படும் பழக்கம் மட்டும் தாராளமாக உண்டு.

பொழுது சாயும் நேரம். பஸ்ஸில் நல்ல கூட்டம். திருமூர்த்தி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

ரேணுகா கையை நீட்டினார். “கொடுங்க, மேல வெச்சிடலாம்.”

“மடியிலயே இருக்கட்டுங்க மேடம்.”

“இதைவிடப் பத்திரமான இடம் இருக்குதா? நீங்க செஞ்சதுதானே?”

திருமூர்த்தி பையை ஒரு முறை தடவிப் பார்த்தார். கொடுத்தார்.

அவர் தலைக்கு மேலே யாரோ அரிசி மூட்டையைத் திணித்திருந்தார்கள். ரேணுகா பின்னால் போய் ஏதோ ஒரு மூடியைத் திறந்து, பையை உள்ளே தள்ளி அமுக்கினார். டக் என்றது.

அந்தச் சத்தத்துக்காகவே திருமூர்த்தி தேடித் தேடி வாங்கிய பூட்டு அது. இன்று அது அவருக்கு இனிக்கவில்லை.

அரவக்குறிச்சியில் கொஞ்சம் பேர் இறங்கினார்கள். டக், டக் என்று மூடிகள் திறந்து மூடின. திருமூர்த்தி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். எல்லா மூடியும் வெள்ளை. எல்லாம் ஒரே அளவு. நம்முடையது எது?

“விளக்கெல்லாம் எப்படி இருக்குதுங்கண்ணா?”

“எதுங்க?”

“நீங்க போட்ட விளக்கு.”

“ஆமாங்க,” என்றார்.

தரையில் விழுந்த ஊசியைப் பொறுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் பின்னால் ஒரு மூடியைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. தோள்வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு பையை உருவிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். காக்கி நிறப் பை.

திருமூர்த்தியின் பையும் காக்கிதான்.

“வேடசந்தூர் இறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க!” என்றார் கண்டக்டர்.

கத்தலாமா? என்னவென்று கத்துவது? பையில் தங்கம் இருக்கிறது என்று பஸ் முழுக்கச் சொல்லவா? குலதெய்வத்தைக் கூப்பிட்டார். கும்பிட்ட கையைப் பிரிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

“அண்ணா, வண்டி ஓடுது!”

அவர் காதில் ஏறவில்லை. பின்னால் போய் ஒரு மூடியைத் திறந்தார். குடை. அடுத்ததைத் திறந்தார். கைக்கு ஏதோ துணி தட்டுப்பட்டது, யாருடையதோ. மூன்றாவதற்குள் கையை விட்டார்.

சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

திருமூர்த்தி சீட்டுகளுக்கு நடுவே குப்புற விழுந்தார்.

கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். அவருக்கு முன்னால் ரேணுகா வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. இப்படி ஆகும் என்று அவரும் நினைக்கவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

“ஐயோ! வேற எங்கண்ணா அடிபட்டுச்சு?”

“பை இருக்குதான்னு பாருங்க மேடம்,” என்றார் திருமூர்த்தி.

எதுக்கு எந்திரிக்கிறாங்க என்று கேட்ட அதே வாயை அப்படியே பொத்திக்கொண்டார்.