ஹாரன் அடிக்காத கார்

டிரைவர் அருளப்பன் சொன்ன இந்தக் கதையை நம்புவதா வேண்டாமா என்று பல வருஷமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய முதலாளி, மில்காரர் தெய்வநாயகம், வழியெல்லாம் ஹாரன் அடிக்கச் சொல்லியே ஊரை ஒதுங்க வைப்பவர். ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது கார் கிளம்பவில்லை.

"இப்ப ஓடலேன்னா உனக்கு வேலை இல்லடா!"

டேங்கிலிருந்து பெட்ரோல் ஏற்றும் பம்புக்குக் கரண்ட் போகவில்லை. அதற்குக் கரண்ட் அனுப்பும் ரிலே செத்திருந்தது. ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலேதான். அருளப்பன் அதைப் பிடுங்கி இங்கே செருகினார். கார் பறந்தது. பாதி வழியில் எருமைகள் மறித்தன.

"அடிடா ஹாரனை!"

"இருக்கிறது ஒரே ரிலே முதலாளி. கார் ஓடணுமா, கத்தணுமா?"

முதலாளி பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி, "கொஞ்சம் வழி விடச் சொல்லும்மா" என்று எருமைக்காரியிடம் கெஞ்சினார்.

போன வாரம் கேட்டே விட்டேன்.

"அண்ணே, பம்பு ரிலே நிஜமாவே செத்துப்போச்சா, இல்ல நல்ல ரிலே உங்க சட்டைப் பையில இருந்துச்சா?"